எங்கள் வீட்டுக்குக் கிடைத்த மூன்று எழுத்துகள்

ரெய்னர்ஸ் லேன்,
டிசெம்பர் 2009

என் பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. ஒட்டினாலும் அம்மா கேத்தில் ஆவியில் காட்டித் திறந்துதான் படிப்பார். அந்த மினக்கேடு அவருக்கு எதற்கு? நீ கட்டப்போகிறவரும் படிக்கட்டும். மாமனாரைப் பற்றி ஊர் சொல்லி அறிவதைவிட மாமனாரே சொல்லி அறிவது நல்லது. வருகிற சனிக்கிழமை கோவிலில் தாலி ஏறினால், திங்கட்கிழமை நீங்கள் இருவரும் கிளாஸ்கோவுக்கு ரயிலேறி விடுவீர்கள். அதற்கடுத்த கிழமை அம்மாவும் நானும் இந்த வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, கோலியர்ஸ் வுட்டில் படியில்லாத ஃபிளாட்டுக்குப் போய்விடுவோம். என் முழங்கால்கள் எடுத்த முடிவு அது. இந்த வருடம் இந்த வீட்டை விற்கப்போய் உன்னை நான் எந்த இக்கட்டில் மாட்டிவிட்டேன் என்பதை நீ ஒருதரமும் குத்திக் காட்டவில்லை. நீ கேட்காமல் விட்டதால் நானும் சொல்லாமல் விட்டேன். அப்படி விடுவது சரியில்லை என்றுதான் எழுதுகிறேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் சுவிஸை விட்டு லண்டனுக்கு வந்தோம். அங்கே நான் வேலை செய்த கம்பனி குளிர் அறையும் பூட்டும், வீடுகளுக்கு ஹீட் பம்பும் பூட்டும். இரண்டும் ஒரே விஷயம்தான். பிரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளும். ஹீட் பம்ப் வெளியே இருக்கிற சூட்டை எடுத்து வீட்டுக்குள் தள்ளும். பனி கொட்டுகிற காற்றிலும் எடுப்பதற்குக் கொஞ்சம் சூடு இருக்கும். லண்டனில் எங்கள் தமிழ்க் கடைக்காரரின் பிரிட்ஜ்களைத் திருத்தித்தான் உன்னைப் படிப்பித்தேன். ஆனால் நான் ஹீட் பம்ப் தெரிந்த ஆள் என்பதை இங்கே ஒருவரும் கேட்கவில்லை. அது எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை. ஆகவே நீ யூனிவர்சிட்டியில் இருந்தபோது எங்கள் வீட்டைச் சூடாக்குகிற கேஸ் பொய்லர் பழுதானதும், நான் கவலைப்பட்டதாக நடித்தேனே ஒழிய, உண்மையில் ஒரு மாதிரிச் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பழைய சுவிஸ் முதலாளியிடம் சொல்லி ஒரு மெஷினை வருவித்துப் பின்வளவில் பூட்டினேன். முன்சுவர் பின்சுவர் எல்லாவற்றுக்கும் உள்பக்கம், சூடு வெளியே போகாமல் தடித்த இன்சுலேஷன் பலகை அடித்து மூடினேன். கீழே புதிய ரேடியேட்டர்கள் வைத்தேன்.

வெளியே விசிறி சுற்றுகிற பெட்டியைக் கண்ட சனம் அதை ஏசி என்றே முடிவுசெய்தது. லண்டன் குளிருக்கு ஏசி பூட்டின மனிசன் என்று எனக்குப் பெயர் வந்தது. பக்கத்து வீட்டு ஆங்கிலேயர், நான் பின்வளவில் மீன் குளிரூட்டி வைத்து வியாபாரம் தொடங்கப்போகிறேன் என்று நினைத்து வேலிக்கு மேலால் மோந்து பார்த்தார். சின்னம்மா நத்தார் விடுமுறைக்குச் சாப்பிட வந்தவர், வேர்த்து ஒழுக ஒழுக, கோட்டைக் கழற்றாமலே சோறு தின்றார். ஏசி ஓடுகிற வீட்டில் கோட்டைக் கழற்றினால் சளி பிடிக்கும் என்பது அவர் கட்சி. இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் மாரிக் குளிரில் நான் ரேடியேட்டரின் அளவைப் பிழையாகக் கணக்குப் பார்த்துவிட்டேன். இரண்டு கிழமை வீடு சூடாகவே இல்லை. நீ லீவில் வந்து, குளிருதே அப்பா என்றபோது, உனக்கு இரத்தம் குறைவு என்று சொல்லி ஈரல் வாங்கிவந்து பொரித்துத் தந்தேன். நீ போனபிறகு களவாகப் பெரிய ரேடியேட்டர் மாற்றினேன். உன் இரத்தத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை, பிள்ளை.

போன வருடம் பாங்கில் ஆட்குறைப்பு வந்து உன் வேலை போனது. நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கவில்லை. வீடுகளுக்கு எனர்ஜி சேர்டிபிகேட் கொடுக்கிற அசெஸர் வேலைக்குப் படித்து, பரீட்சை எழுதி, இந்த வசந்தத்தில் லைசென்ஸ் எடுத்தாய். அந்தச் சேர்டிபிகேட் இல்லாமல் இப்போது இங்கே வீட்டை விற்க ஏலாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏயிலிருந்து ஜீ வரை ஒரு எழுத்து. ஏ என்றால் செலவில்லாமல் சூடாகும் வீடு, ஜீ என்றால் காசைக் கொளுத்துகிற வீடு. ஏணியும் டோர்ச்சும் கொண்டு நீ வீடு வீடாகப் போனதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டையும் விற்கத் தீர்மானித்தோம். அசெஸர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறபோது அசெஸரைத் தேடுவார்களா? ஒரு ஞாயிறு மத்தியானம், நீ சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுக்கும் எழுத்துப் போடு என்று பேனையைக் கொண்டுவந்து உன் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“அப்பா, நான் உங்கட வீட்டைச் செய்ய ஏலாது” என்றாய்.

“ஏன், வேற ஆக்களின்ர வீட்டை அளக்கிறாய்தானே?”

“அது வேற ஆக்கள், அப்பா.”

“அப்ப என்னையும் வேற ஆள் எண்டு நினை.”

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. சொந்தக்காரரின் வீட்டை அளப்பது உன் தொழிலில் எப்படிப் பார்க்கப்படும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினாய். நீயே அளந்தாலும் ஏ வராது என்றும் சொன்னாய். அந்த எழுத்து கணக்குப் பார்ப்பது சூடாக்குகிற செலவை, கேஸைவிட கரண்ட் விலை அதிகம், ஹீட் பம்ப் ஓடுவது கரண்டில், அதோடு அதற்குப் பேப்பர் இல்லாவிட்டால் இன்னும் குறைத்துத்தான் போடுவார்கள் என்றாய். நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. ஆனால் சரியான வார்த்தையை மகளின் வாயிலிருந்து கேட்கிற தகப்பனுக்குக் காது உடனே அடைத்துவிடும். உனக்குப் பிள்ளைகள் பிறந்தபிறகு இதை நினைத்துப் பார். பேனையை எடுத்துக்கொண்டு போய், உன் உதவி இல்லாமலே ஏ எடுத்துக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சபதம் போட்டேன்.

முதலில் வந்தவர் ஒரு இளம் வெள்ளைக்காரர். வீடு விற்றுத் தருகிற ஏஜென்ட் அனுப்பியவர். அன்று நான் செய்த ஆயத்தங்களை நீ வேலைக்குப் போனதால் பார்க்கவில்லை. காலையிலிருந்தே மெஷினின் சூட்டைக் கூட்டி வீட்டை அடுப்பு மாதிரி ஆக்கி வைத்தேன். நான் அரைக்கைச் சேர்ட்டும் அம்மா மெல்லிய நூல் சேலையுமாக நின்றோம். வீடு எவ்வளவு சூடு என்பதை எங்கள் உடுப்பே சொல்லட்டும் என்பது என் எண்ணம். அம்மா ரோல்ஸ் பொரித்தார். வந்தவர் வேர்த்து விறுவிறுத்து, டையைத் தளர்த்தி, சுவர்களை அளந்தார். பொய்லர் எங்கே என்றார். பொய்லர் இல்லை என்றேன். அப்படியானால் பின்வளவில் நிற்கிற ஏசி எதற்கு என்றார். நான் அவரை இருத்தி, முக்கால் மணித்தியாலம் ஹீட் பம்பைப் பற்றி விளங்கப்படுத்தினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். பிறகு, இதற்கெல்லாம் ஏதாவது பேப்பர் இருக்கிறதா என்றார். எல்லாம் இங்கே இருக்கிறது என்று என் தலையைத் தொட்டுக் காட்டினேன்.

கிடைத்தது எஃப். மெஷினின் பெயர்த் தகடு துருப்பிடித்து, மிச்ச எழுத்தும் ஜெர்மன் மொழியில் இருந்ததால், எங்கள் வீடு சாதாரண கரண்ட் ஹீட்டரில் சூடாகிறது என்று எழுதிவிட்டார். சுவருக்குள் இருக்கிற இன்சுலேஷன் கண்ணுக்குத் தெரியாததால் சுவர் வெறும் செங்கல் ஆகிவிட்டது. அதோடு விட்டாரா? வீட்டை மேம்படுத்த ஆலோசனை என்று ஒரு பட்டியல், அதில் கரண்டில் சூடேறுகிற நல்ல ஸ்டோரேஜ் ஹீட்டர் வாங்கிப் பூட்டினால் நிலைமை திருந்தும் என்று இருந்தது. சுவிஸில் வருடக்கணக்காக ஹீட் பம்ப் பூட்டினவனுக்கு அந்த ஆலோசனை. இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. அம்மாவைக் கேட்டால் மத்தியானம் மட்டும்தான் சாப்பிடவில்லை என்பார். அது கிடக்கட்டும்.

இனித்தான் வெட்கக்கேடு. நான் பிரிட்ஜ் திருத்துகிற ஒரு கடையில் இந்தத் துக்கத்தைச் சொன்னேன். கடைக்காரர் தனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், கரைச்சல் இல்லாமல் செய்து தருவார் என்றார். அந்த ஒருவர் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை, மேலே ஏறவில்லை, அளவு நாடாவை வெளியே எடுக்கவில்லை. குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தார். சீனி எத்தனை கரண்டி என்று அம்மா அவரைக் கேட்ட அதே தொனியில், என்ன எழுத்து வேண்டும் என்று அவர் என்னைக் கேட்டார். ஏ என்று வாய்வரை வந்தது. வெட்கமாக இருந்தது. பி என்றேன். இரண்டு நாளில் பச்சை நிறத்தில் பி வந்தது. அதை நான் உன் கண்ணில் படாமல் வைத்தேன் என்பதிலிருந்தே, அது பிழை என்று எனக்குத் தெரிந்திருந்தது என்பதை நீ விளங்கிக்கொள்ளலாம்.

ஏஜென்ட் அந்தப் பியைக் கண்டு அதிசயப்பட்டார். எஃப் எப்படி ஒரு மாதத்தில் பி ஆனது என்று கேட்டார். நான் உண்மையும் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. என் மகள் இந்தத் தொழிலில்தான் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரித்தேன். பிள்ளை, வார்த்தையைவிட அந்தச் சிரிப்புத்தான் குற்றம். அது வாயிலிருந்து வாய்க்குப் போய், தமிழ்ப் பெண் ஒருத்தி தகப்பன் வீட்டுக்குத் தன் தொழில்காரர் ஒருவரைக் கொண்டு பி போடுவித்திருக்கிறாள் என்று உனக்கு லைசென்ஸ் தந்தவர்களிடம் முறைப்பாடாகப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் விளக்கம் கேட்டு உனக்குக் கடிதம் போட்டார்கள். விளக்கம் திருப்தி இல்லாவிட்டால் லைசென்ஸை நிறுத்திவைக்க ஏலும் என்றும் அதில் இருந்தது. லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. கிளாஸ்கோவில் உனக்காகப் பார்த்து வைத்திருந்த வேலையும் அந்த லைசென்ஸை நம்பித்தான் இருந்தது.

நீ அந்தக் கடிதத்தோடு கராஜுக்கு வந்தாய். நான் ஒரு பிரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நீ சத்தம் போடவில்லை.

“பி எப்பிடி வந்தது, அப்பா?”

மெஷின் நல்ல மெஷின் என்று தொடங்கினேன்.

“அவர் லொஃப்டுக்கு ஏறினவரோ?”

“இல்லை.”

“சுவர் அளந்தவரோ?”

“தேத்தண்ணி குடிச்சவர்.”

நீ கடிதத்தை மடித்தாய். “உங்களுக்காக நான் பொய் சொல்ல மாட்டன். ஆனா உங்களைக் காட்டிக் குடுக்கவும் எனக்கு ஏலாது. என்ன எழுதுறது எண்டு நீங்களே சொல்லுங்கோ” என்றாய். நான் திரும்பவும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். அடுத்த நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோலியர்ஸ் வுட்டுக்கு, சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் அம்மா என்னோடு கதைத்தது மிகவும் மரியாதையாக. சாப்பாடு இருக்கிறது, போட்டுச் சாப்பிடலாம் என்பார். முப்பது வருடக் குடும்பத்தில் அதைவிடப் பயங்கரமான வசனத்தை நான் கேட்டதில்லை. வீடு நல்ல சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூட்டில் இருக்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நாலு நாள் கழித்து உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உன் லைசென்ஸ்காரருக்கு எழுதினேன். என் மகள் வீட்டை அளக்க மறுத்தாள், நான் வேறொருவரிடம் அளக்காமலே பி வாங்கினேன், அவளுக்கு அது தெரியாது, ஏஜென்டிடம் சிரித்தது நான்தான் என்று எழுதினேன். அந்தச் சிரிப்பை ஏன் எழுதினீர்கள் என்று நீ பிறகு கேட்டாய். அவர்கள் முழுவதையும் அறியட்டும் என்றுதான். பெயர், விலாசம், நான் பிரிட்ஜ் திருத்துகிறவன் என்பது எல்லாம் போட்டுக் கையெழுத்து வைத்தேன். தேத்தண்ணி குடித்தவரின் பெயரையும் போட்டேன்.

அதைவிடக் கடினமானது ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனது. வீட்டை வாங்க ஒத்துக்கொண்டிருந்த, அங்கே குடியிருக்கிற பஸ் ஓட்டுகிற தம்பியையும் வயிற்றில் பிள்ளையோடு இருந்த அவர் மனைவியையும் உனக்குத் தெரியும். அவர்கள் பியைப் பார்த்துத்தான் சம்மதித்தவர்கள். அம்மா தானும் வருவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ஒருவன் கூனிக் குறுகுவதைப் பார்க்க இரண்டாவது ஆள் தேவையில்லை. ரயிலில் போகும்போது பேச்சைப் பாடமாக்கினேன். போய் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து, அந்தச் சேர்டிபிகேட் பொய் தம்பி என்று நேரே சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. யோசித்துவிட்டு, “வீட்டுக்குள்ள குளிருமோ, அண்ணை?” என்று கேட்டார்.

“குளிராது.”

“கரண்ட் பில் கூடவோ?”

பில்களைக் கொண்டு போயிருந்தேன். காட்டினேன். அவர் பார்த்து, மனைவியிடம் கொடுத்தார். பிறகு உண்மையாகவே விளங்காமல் என்னைப் பார்த்தார்.

“வீடு உண்மையாவே சூடு, பில்லும் குறைவு. அப்ப ஏனண்ணை பொய்க் கடதாசி எடுத்தனீங்கள்?”

நான் பில்களை வாங்கித் திரும்ப மடித்தேன். ஒழுங்கான கடதாசியைக் கொண்டுவாருங்கள், பிறகு பார்ப்போம் என்று அனுப்பினார்கள். அவர் மனைவி வாசல்வரை வந்து, கவனமாகப் போங்கோ என்றார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை, பேப்பர் என்பதை, பிடித்துக்கொண்டேன். பழைய முதலாளிக்கு ஜெர்மனில் எழுதினேன். அந்தக் கிழவன் மெஷினின் இலக்கம், பூட்டிய விபரம், எல்லாவற்றையும் கட்டாக அனுப்பிவைத்தான். மூன்றாவதாக வந்தவர் நரைத்த தலைமுடியோடு ஒரு பெண்மணி, சொந்த ஏணியோடு வந்தார். வேலை முடியும்வரை தேத்தண்ணி வேண்டாம் என்று வாசலிலேயே சொன்னார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்தது. இந்த முறை வீட்டைச் சூடாக்கவும் இல்லை, சேலை மாற்றவும் இல்லை. மெஷின் இலக்கத்தை அவர் தன் பட்டியலில் தேடிக் கண்டுபிடித்தார். சுவருக்குள் பலகை இருக்கிறது என்றேன். கண்ணால் பார்த்தால் எழுதுவேன் என்றார். நான் ட்ரில்லை எடுத்துக்கொண்டு வந்து, அம்மா விற்பனைக்கென்று புதுப் பெயின்ட் அடித்துக் காய்ந்த சுவரில் ஓட்டை போட்டேன். “விக்கிற வீட்டில ஓட்டை போடுற மனிசன் உலகத்திலேயே நீங்கள் ஓராள்தான்” என்றார் அம்மா. ஆனால் அந்த மூன்று கிழமையில் அவர் சாதாரணமாக என்னை ஏசியது அதுதான் முதல்தரம். நான் சந்தோஷத்தில் பின்சுவரிலும் ஒன்று போட்டேன்.

டி வந்தது. உனக்குப் போன் எடுத்து அந்த எழுத்தை மட்டும் சொன்னேன். “டி நல்லது, அப்பா. நான் கூடுதலாக் குடுக்கிறது டிதான்” என்றாய். அன்று பின்னேரம் பெட்டியோடு வந்துவிட்டாய். உன் லைசென்ஸ்காரர் நீ கொடுத்த சேர்டிபிகேட் சிலதை எடுத்துத் தாங்களே போய் அளந்து பார்த்து, ஒரு பிழையும் காணாமல் விட்டுவிட்டார்கள். ஃபாரஸ்ட் கேட் தம்பியும் மனைவியும் கடுங்குளிர் நாள் ஒன்றில் திரும்ப வந்தார்கள். அந்தப் பெண்பிள்ளை படியில் உட்கார்ந்து, ஒருவரும் சொல்லாமலே கோட்டைக் கழற்றி மடியில் வைத்தது. டிக்கு வாங்கினார்கள்.

பொய்க் கடதாசி ஏன் எடுத்தேன் என்று அந்தத் தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது தெரியும். வீடு விற்பதற்காக மட்டும் நான் அந்தக் கடதாசிக்கு அலையவில்லை. என் கைவேலையைப் பற்றி, படித்த ஒருவர் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தக் கையெழுத்து உன்னுடையதாக இருக்கவேண்டும் என்று அதைவிட ஆசைப்பட்டேன். நீ மாட்டேன் என்றதும், வேறு எவருடையதானாலும் பரவாயில்லை என்று போய்விட்டேன். உன் மனிதர் நாளைக்கு வீட்டில் ஏதாவது ஒன்றைத் தானே பூட்டிவிட்டு வந்து நின்றால், அது நேராக இருக்கிறதா என்று பார்க்கமுதல் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிடு. கோணலைப் பிறகு சொல்லலாம். ஆனால் பொய்யாக ஒன்றில் கையெழுத்துக் கேட்டால், எனக்குச் செய்ததையே அவருக்கும் செய்.

போன வியாழக்கிழமை உன் பதிவுத் திருமணத்துக்கு ஹரோ பதிவுக் கந்தோருக்குப் போனோம். பதிவாளர் மாப்பிள்ளையின் தகப்பனாருடைய தொழிலைக் கேட்டு எழுதினார். பிறகு உன் தகப்பனாரின் தொழில் என்ன என்றார். நான் பிரிட்ஜ் மெக்கானிக் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என் சேர்ட் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஹீட் பம்ப் என்ஜினியர் என்றாய். பதிவாளர் பேனையைத் தூக்கிவைத்துக்கொண்டு, அது ஏசி மாதிரியா என்று கேட்டார். நீ பட்டுச்சேலையோடு முன்னுக்குச் சாய்ந்து, வெளிக்காற்றில் சூடு எப்படி இருக்கிறது, அதை எப்படி எடுப்பது என்று முதலிலிருந்து அவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினாய். அடுத்த சோடி பூச்செண்டோடு வாசலில் காத்து நின்றது. அம்மா என் முதுகில் இடித்து உன்னை நிற்பாட்டச் சொன்னார். நான் நிற்பாட்டவில்லை. அவர் எழுதி முடித்ததும் நீ கீழே கையெழுத்து வைத்தாய். எல்லோரும் படமெடுக்க எழும்பிப் போனபிறகு, நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் தொழிலை எழுதின இடத்தில் அவர் ஏதாவது எழுத்துப்பிழை விட்டிருக்கிறாரா என்று பார்த்தேன். ஒன்றும் விடவில்லை.

அப்பா